விடுதியில் படிக்கும் மகள் வயதுக்கு வரும்போது

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் தகரப் பெட்டியும் பாயுமாக அரசு மாணவியர் விடுதிகளுக்குப் புறப்படுகிறார்கள். தட்டு, டம்ளர், வாளி, பூட்டு, தேங்காய் எண்ணெய், வீட்டில் இடித்த பருப்புப் பொடி என்று பெற்றோர் யோசித்து யோசித்து வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயதுக்கு வரப்போவது வீட்டில் அல்ல, அந்த விடுதியில்தான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் அனுப்பப்பட்டேன். 2013ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நேர்ந்ததையும், அதையொட்டி எங்கள் குடும்பம் இழந்த பணத்தையும், நான் இழந்த படிப்பையும் இங்கே எழுதுகிறேன். இப்போது மதுரையில் செவிலியராக வேலை பார்ப்பதால், அன்று தெரியாமல் இருந்த சில மருத்துவ விவரங்களையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கு அப்பால் இருக்கிறது. பனையும் சீமைக் கருவேலமும் தவிர வேறு மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்பா பதநீர்க் காலத்தில் பனை ஏறுவார். அது ஓய்ந்ததும் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடும் வேலைக்குப் போவார். அம்மா கருப்பட்டி காய்ச்சுவதும், மழை பெய்தால் மிளகாய்க் கொல்லையில் கிடப்பதுமாக இருப்பார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. அரசு விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி உண்டு என்றும், அந்த விதி பெண்பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்றும் எங்கள் தலைமை ஆசிரியர் அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பதால் அப்பா உடனே சம்மதித்தார். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் மாலைப் படிப்பு நேரத்தில் அடிவயிறு வலிக்கத் தொடங்கியது. சாப்பாடு சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரவில் கழிவறைக்குப் போனபோதுதான் இரத்தத்தைப் பார்த்தேன். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஒருவர் காசநோய் முற்றி இரத்தம் இரத்தமாகக் கக்கி இறந்திருந்தார். உடம்பிலிருந்து இரத்தம் வருவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் நோய்தான். நான் சாகப்போகிறேன் என்பதைவிட, அப்பா மருத்துவமனைச் செலவுக்கு யாரிடம் போய் நிற்பார் என்பதே அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படுத்திருந்த கூடத்தில் எழுப்பிச் சொல்ல ஒருவரும் இல்லை. காப்பாளினி ஊருக்குள் தம் வீட்டில் இருந்தார். காலையிலும் மாலையிலும் வந்து கையெழுத்திட்டுப் போவார். சமையல் அக்காக்கள் இரவு உணவு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். வாசலில் இருந்த காவலரோ ஆண். பழைய பாவாடை ஒன்றின் கீழ்ப்பகுதியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

இதை வாசிக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்பு லேசாக அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிலக்கு வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைபடுதல் இருக்கும். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த அடையாளங்கள் விடுமுறைக்கு வரும் மகளின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தாயின் கண்ணில் படாமல் போகாது. என் அம்மாவின் கண்ணிலும் பட்டிருக்கிறது. வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய் வரும் பிள்ளைக்கு அப்படிக் காத்திருப்பதில் பெரிய தீங்கு இல்லை. விடுதிப் பிள்ளையின் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. பாடப்புத்தகம் சொல்லித்தரும் என்றும் நம்ப வேண்டாம். வளரிளம் பருவம் பற்றிய அறிவியல் பாடம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது, அதற்குள் பல பிள்ளைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முந்தைய மே மாதத்திலேயே, இரத்தம் எங்கிருந்து வரும், சில நாளில் தானாக நின்றுவிடும், இது நோய் இல்லை என்ற மூன்று செய்திகளையாவது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்ல நாக்கு கூசினால் அக்காவையோ அத்தையையோ சொல்லச் சொல்லுங்கள்.

துணியைத் துவைப்பதுதான் அடுத்த துன்பமாக இருந்தது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர் என்பதால் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் நேரத்தில் எல்லோரும் மொய்த்துக்கொண்டு குளிப்போம். அந்தக் கூட்டத்தில் இரத்தத் துணியை எப்படி வெளியே எடுப்பது? கொஞ்சம் தண்ணீரில் அரைகுறையாகக் கசக்கி, கொடியில் போட அஞ்சி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். அது காயவேயில்லை. ஈரத்தோடு மீண்டும் வைத்துக்கொண்டதில் தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி, அரிப்பும் நாற்றமும் சேர்ந்துகொண்டன. பக்கத்துப் பாய்க்காரி எலி ஏதோ செத்துக் கிடப்பதாகத் தேடத் தொடங்கினாள். சனிக்கிழமை கூடத்தைக் கழுவிவிடுவதற்காகப் பெட்டிகளை நகர்த்தியபோது பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டார். என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய், "லூசு, இது எல்லாருக்கும் வர்றதுதாண்டி" என்றார். எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்காவின் திட்டுக்கு ஈடான ஆறுதலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்த அக்கா மூலம்தான் பள்ளியில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கும் என்பதே தெரிந்தது. தமிழக அரசின் புதுயுகம் திட்டம் அதற்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பொதிகள், பொதிக்கு ஆறு நாப்கின்கள் என்பது அத்திட்டத்தின் கணக்கு. எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியை வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களை ஓய்வறைக்கு அழைத்துக் கொடுத்துவந்தார். பெயர் கொடுக்காத வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே விடுதியில் சேர்க்கும் நாளிலேயே, பள்ளியில் இதைக் கொடுப்பவர் யார் என்று தாய் கேட்டுத் தெரிந்துகொண்டு, மகளை அவர் முன் நிறுத்தி முகம் காட்டிவிட வேண்டும். அதற்காகப் பள்ளியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது, இருப்பு தீர்ந்துபோகும் மாதங்கள் உண்டு. பெட்டியின் அடியில் இரண்டு நாப்கின் பொதிகள், அடர்நிற உள்ளாடைகள் நான்கைந்து, துவைத்த பழைய பருத்திப் புடவைத் துணி சில துண்டுகள், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், தனியாக ஒரு சோப்பு ஆகியவற்றை ஒரு துணிப்பைக்குள் போட்டு வையுங்கள். நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணிதான் என்றால் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நேர் வெயிலில் உலர்த்த வேண்டும். கொடியில் தனியே போடக் கூச்சமாக இருந்தால் பாவாடைக்குப் பக்கத்தில் போடலாம், பாவாடைக்கு அடியில் ஒளித்துப் போட்டால் காயாது.

அக்கா இன்னொரு யோசனையும் சொன்னார். பருவத் தேர்வு முடியும்வரை காப்பாளினியிடம் சொல்லாதே, சொன்னால் வீட்டுக்குத் தகவல் போகும், வந்து அழைத்துப் போய்விடுவார்கள், பிறகு எப்போது திரும்புவாய் என்று உனக்கே தெரியாது என்றார். எனக்கு அப்போது தேர்வு பெரிதாகப் படவில்லை. அம்மா வேண்டும் போல் இருந்தது. காப்பாளினியிடம் சொன்னேன். அவர் ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் சொல்ல, மறுநாளே அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கதை பேசியபடி நடக்கும் அப்பா, அன்று வாயிற்படிக்கு வெளியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்தில் நான்கு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா என் மடியில் வேப்பிலையும் ஓர் இரும்புத் துண்டும் வைத்து, யாரையும் தொடாதே என்று காதோடு சொன்னார். அப்பா மீண்டும் என்னிடம் பழையபடி பேசுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. இரத்தத்தைப் பார்த்து அழுததைவிட இதற்காகத்தான் அதிகம் அழுதேன். அப்பாக்கள் அந்த நாளில் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வீட்டுக்குப் பின்னால் தாய்மாமன் பச்சைப் பனையோலையில் குச்சு கட்டியிருந்தார். தனித் தட்டு, தனிப் பாய். அப்பத்தா கிண்டிக் கொடுத்த உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் உண்மையிலேயே இதமாக இருந்தன, இன்றைக்கும் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வேன். பச்சை முட்டையைத்தான் மறுக்கிறேன். வேகாத முட்டையில் கிருமி இருக்கக்கூடும், அவித்துக் கொடுத்தால் சத்து ஒன்றும் குறைந்துவிடாது. இருட்டில் ஓலைக்குள் பூரான் ஊர்ந்த இரவுகளை விரிவாக எழுத விருப்பமில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை அருகே இதேபோல் வயதுக்கு வந்து தனிக் குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, தென்னை மரம் சாய்ந்து விழுந்ததில் இறந்துபோனாள். அந்தச் செய்தியை நான் விடுதியில் செய்தித்தாளில் வாசித்தேன். ஊர் வழக்கம் என்று ஒதுக்கி வைத்தே ஆக வேண்டுமென்றால், கூரையும் கதவும் உள்ள அறைக்குள் ஒதுக்கி வையுங்கள். கூட ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். புரட்டாசி பிறந்துவிட்டால் விசேஷம் வைக்கக்கூடாது, அதற்குள் சடங்கு வைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் பகுதியில் ஆவணி கையில் காசு இல்லாத மாதம். பதநீர் முடிந்திருக்கும், மிளகாய் விதைப்புக்கு இனிமேல்தான் செலவு தொடங்கும். அப்பா மூன்று வட்டிக்கு 80,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது மாதம் 2,400 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்கு 28,800 ரூபாய். பந்தல், ஒலிபெருக்கி, வீடியோ, என் முகத்தைப் பெரிதாகப் போட்ட பிளக்ஸ் பலகை, ஆட்டுக்கறிச் சாப்பாடு என்று அது கரைந்தது. பிளக்ஸில் என் படத்தைப் பார்த்து ஊர்ப் பையன்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாய்மாமன் சீர் கொண்டுவர அவர் பங்குக்கு வேறொருவரிடம் கடன் வாங்கியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. மொய் 46,000 ரூபாய் வந்தது. பந்தல்காரருக்கும் மளிகைக் கடைக்கும் வைத்திருந்த பாக்கியைக் கொடுத்ததில் அது முடிந்துபோனது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மொய் வரவை நம்பித்தான் எல்லோரும் கடன் வாங்குகிறார்கள், ஆனால் மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அப்பா அந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை.

சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அத்தைகள் சேர்ந்து நலங்கு வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாளைக் குறிப்பதற்கு முன் பஞ்சாங்கத்தோடு பள்ளியின் தேர்வு அட்டவணையையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். வீட்டில் எளிமையாகத் தண்ணீர் ஊற்றி உடனே பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஊர் கூடும் விழாவை மிளகாய் விற்ற காசு கையில் இருக்கும்போது, கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்திலேயே இப்போது சிலர் அப்படிச் செய்கிறார்கள். எந்தச் சாமியும் குற்றம் சொன்னதாகத் தெரியவில்லை.

முதல் பருவத் தேர்வை நான் எழுதவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க மாட்டார்கள், பிறகென்ன என்று உறவினர்கள் சொன்னார்கள். தேர்ச்சி கிடைத்தது உண்மைதான். ஆனால் குறை எண்களின் பெருக்கலும் வகுத்தலும் நடந்த வகுப்புகளில் நான் இல்லை. அந்த ஓட்டை பத்தாம் வகுப்பு இயற்கணிதம் வரைக்கும் என்னைத் துரத்தியது. இதற்கிடையே தாய்மாமன், வயதுக்கு வந்த பிள்ளையை இனி ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டாம், மூன்று வருஷம் போனால் என் மகனுக்கே முடித்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். அப்பா மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. குச்சில் வைத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்த அதே அப்பத்தாதான், "மரத்துல ஏறி நீ பட்டது போதாதா, அவளை விடுங்கடா" என்று பேச்சை முடித்து வைத்தார். பெண்ணுக்கு 18 வயது நிறையாமல் நடத்தும் திருமணம் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளையே இலவசமாகப் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். சட்டத்தைச் சொன்னால் கோபப்படும் உறவினர்களிடம் கணக்கைச் சொல்லுங்கள்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, உயர்கல்வியில் சேர்ந்ததும் 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளது வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. எங்கள் ஊரில் இந்தக் கணக்கைக் கேட்டுப் படிப்பை நிறுத்தாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தீபாவளி கழிந்து நான் விடுதிக்குத் திரும்பியபோது, தகவல் இல்லாமல் தொடர்ந்து வராததால் பெயரை நீக்கப்போவதாகச் சொன்னார்கள். அழைத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் எதுவும் இல்லை. அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கெஞ்சி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையை எதற்காக அழைத்துப் போனாலும், திரும்பும் தேதியுடன் ஒரு விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள், பள்ளிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று. அதோடு, மகளைப் பார்க்கவும் வெளியே அழைத்துச் செல்லவும் உரிமையுள்ளவர்கள் யார் யார் என்பதையும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் திரும்பிய பிறகு, அதுவரை எட்டிப் பார்க்காத தூரத்து உறவுக்காரர் ஒருவர் தின்பண்டத்தோடு என்னைப் பார்க்க வரத் தொடங்கினார். அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் வாயிலோடு அனுப்பப்பட்டார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலும் இல்லை.

விடுதித் தொலைபேசி காப்பாளினியின் மேசைமேல் இருந்தது; ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நின்று, பின்னால் பத்துப் பேர் கேட்க, அம்மாவிடம் பேச வேண்டும். ஆகவே அம்மாவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றால் நாப்கின் வேண்டும் என்று பொருள். ஊறுகாய் கெட்டுப்போய்விட்டது என்றால் ஏதோ சரியில்லை, நேரில் வா என்று பொருள். இரண்டாவதை நான் ஒரே ஒருமுறைதான் சொன்னேன், அம்மா மறுநாள் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இரத்தப்போக்கு ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை. அரசு மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தசோகை என்றார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து நாங்கள் பலர் ஜன்னலுக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தோம். கறுப்பது இயல்பு. சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும், அதையொட்டி ஒரு மணி நேரம் தேநீர், காப்பி குடிக்காமல் இருக்க வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சாதாரணம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, வலியால் வகுப்புக்கே போக முடியாவிட்டாலோ, வந்துகொண்டிருந்தது தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனாலோ, பதினைந்து வயதாகியும் முதல் மாதவிலக்கே வராவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே ஏற்படுத்திவிட்டால், மருத்துவர் கேட்கும்போது பிள்ளை விழிக்காது.

வரும் ஜூனில் என் சித்தப்பா மகள் ஆறாம் வகுப்புக்கு விடுதி போகிறாள். அவளிடம் பேசும் பொறுப்பைச் சித்தி என் தலையில் கட்டிவிட்டார், பேசியும் ஆயிற்று. துணிப்பை தயார், சங்கேத வார்த்தையை அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். சேர்க்கை நாளில் ஆசிரியையையும் காப்பாளினியையும் பார்க்க நானும் உடன் போகிறேன். ஆளானாலும் சடங்கை மே மாதத்தில்தான் வைப்பது என்று சித்தப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அவளுடைய தாய்மாமன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வரும்போது மறுபடியும் பேசுவதாக இருக்கிறோம்.